பதினோரு பேருக்கும் அதே மூன்று கல்

நெல்டா கோம்ப்ஸிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்லலாம், முகம் சுளிக்காமல் செய்வாள். செய்ததை மாற்றச் சொன்னால்தான் வம்பு. கென்டக்கியின் அந்த மலைப்பக்கத்தில் அவளோடு தையல் ஆலையில் வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் ஒரு கதை சொல்வார்கள். மேற்பார்வையாளன் ஒருவன் அவள் தைத்த சட்டைக் காலர் கோணல் என்று சொல்லிவிட்டான். நெல்டா அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே கழிப்பறை வாசல் வரைக்கும் போய் நின்றாளாம். காலர் கோணலில்லை. அதை அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் மெஷினுக்குத் திரும்பினாள்.

அந்த ஆலை மூடியபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. கணவன் ஆர்விலுக்கு அப்போதே நிலக்கரித் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, சுரங்கத்துக்குப் போக முடியவில்லை. நெல்டா மாலைக் கல்லூரியில் மெடிக்கல் கோடிங் படிக்கச் சேர்ந்தாள். ஆர்வில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"டாக்டர் எழுதுறது டாக்டருக்கே புரியாது. உனக்கு எப்படிடி புரியும்?"

"உன்னோட பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்யா. அதைவிடவா கஷ்டம்?"

கஷ்டமில்லை என்றுதான் ஆயிற்று. டாக்டர் நோயாளியின் உடம்பில் என்ன செய்தாலும் அதற்கு ஐந்து இலக்க எண் ஒன்று உண்டு. ஊசி போட்டால் ஓர் எண், எலும்பைச் சேர்த்துக் கட்டினால் ஓர் எண். அந்த எண்ணை வைத்துத்தான் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்பார்கள். டாக்டரின் அறிக்கையை வரி வரியாகப் படித்து, செய்ததற்கெல்லாம் எண் போட்டு, செய்யாததற்குப் போடாமல் விடுவதுதான் வேலை. இந்த இரண்டாவது பாதிதான் நெல்டாவுக்கென்றே படைத்தது. இருபது வருடமாக அவள் அதைச் செய்கிறாள். மருத்துவமனைக் குழுமத்தின் தலைமை அலுவலகம் இரண்டரை மணி நேரத் தொலைவில் நகரத்தில் இருக்கிறது. இவள் வீட்டில் துணி துவைக்கும் அறையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் வாஷிங் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை காலை தணிக்கை முடிவு திரையில் வந்து விழுந்தது. கடந்த மூன்று மாதத்தில் அவள் பார்த்த கோப்புகளில் நூற்றிருபதை எடுத்துச் சோதித்திருந்தார்கள். பதினோரு தவறு என்றார்கள். பதினொன்றும் பர்செல் என்கிற ஒரே டாக்டருடையவை. பதினொன்றிலும் ஒரே குற்றச்சாட்டு, 47544 விடுபட்டிருக்கிறது.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்குகிற குழாய் அடைத்துக்கொண்டால், விலாவுக்குக் கீழே தோலில் சிறு துளை போட்டு ரப்பர் குழாய் ஒன்றைச் செருகிப் பித்தத்தை வடிய விடுவார்கள். சில வாரத்துக்கு ஒரு முறை அந்தக் குழாயை மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது, எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்தபடியே உள்ளே பலூனையோ சிறு கம்பிக் கூடையையோ விட்டுக் கல்லை வெளியேற்றினால், குழாய் மாற்றிய எண்ணோடு கூடுதலாக 47544 சேரும். அதோடு விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது, நெல்டா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்: கல்லோ கசடோ அங்கே இல்லையென்றால், கருவியை உள்ளே விட்டுப் பார்த்திருந்தாலும் இந்த எண்ணைப் போடக் கூடாது.

ஒன்பதே காலுக்கு மேலாளர் கேண்டஸ் போனில் கூப்பிட்டாள். முப்பத்தைந்து வயது, கெட்டிக்காரி, எப்போதும் எங்கேயோ ஓடிக்கொண்டே பேசுகிற குரல்.

"நெல்டாக்கா, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பெரிய விஷயமே இல்லக்கா. கீழ 'ஏற்கிறேன்'னு ஒரு பட்டன் இருக்கு, அழுத்திடுங்க. அரைமணி நேர வீடியோ ஒண்ணு அனுப்பறேன், பாருங்க. பயிற்சி குடுத்தாச்சுன்னு எழுதி, இந்தக் காலாண்டு மார்க்கையே நான் சேர்க்காம பாத்துக்கறேன்."

"அழுத்தினா பதினோரு பேரு கோப்புலயும் கல்லு எடுத்ததா ஏறிடுமே?"

"ஏறும். ரிப்போர்ட்ல எடுத்ததாத்தானே இருக்கு?"

"ரிப்போர்ட்டோட தலையில கல்லே காணோம்னு இருக்கு. வாலுல கல்லை எடுத்தாச்சுன்னு இருக்கு. நான் தலையை நம்பறதா, வாலை நம்பறதா? ஒவ்வொண்ணுக்கும் டாக்டரைக் கேட்டு எழுதினேன். ஒண்ணுக்காவது பதில் வந்துச்சா?"

கேண்டஸ் பெருமூச்சு விட்டாள். "டாக்டர் ஆபீஸ்ல இருந்துதான் புகாரே வந்திருக்கு, அவங்க நம்பர் விட்டுப் போகுதுன்னு. புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. நீங்க மறுத்தா குழுவுக்குப் போகும். குழுவுல தோத்தா மார்க் தொண்ணூறு. போன காலாண்டு தொண்ணூத்தி நாலு. ரெண்டு தடவை தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியதில்லைதான். வேலை போகும். போன காலாண்டில் ஆர்வில் மூச்சு முட்டி மருத்துவமனையில் கிடந்தபோது இவள் மடியில் கணினியை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள், அதில் ஏழு தவறு விழுந்தது நிஜம். அதற்கு வாயைத் திறக்கவில்லை, ஏற்றுக்கொண்டாள். இப்போது இது போனால், ஐம்பத்தொன்பது வயதில் அந்த மலைப்பக்கத்தில் வேறு வேலை எங்கே இருக்கிறது? ஆர்விலின் ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டு வருபவனிடம்கூட வேலை கேட்க முடியாது, அவனையே ஆளைக் குறைக்கிறோம் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பட்டனை அழுத்தவில்லை. பதினோரு அறிக்கைகளையும் திறந்தாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், இதுவரைக்கும் அவள் அந்தப் பதினொன்றையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஒரு நாளைக்கு அறுபது கோப்பு கையில் வந்து போகும். போன வாரம் படித்தது இந்த வாரம் நினைவிருக்காது. தணிக்கைக்காரன்தான் இவளை மாட்டிவிடுவதற்காகப் பதினொன்றையும் பொறுக்கி எடுத்து ஒரே பட்டியலில் அடுக்கித் தந்திருந்தான். நெல்டா அவற்றை இரண்டு திரையிலும் பரப்பி வைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள்.

முதல் அறிக்கையின் முடிவில் இருந்தது: 'பலூன் மும்முறை இழுக்கப்பட்டது. நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள மூன்று கற்கள் குடலுக்குள் தள்ளப்பட்டன.' இரண்டாவதிலும் அதுதான். மூன்றாவதிலும். ஐந்தாவது ஆளுக்குப் புற்றுக்கட்டி அழுத்தித்தான் அடைப்பே, கல் என்கிற பேச்சே கிடையாது, அவருக்கும் நான்கு மில்லிமீட்டரில் மூன்று கல். எண்பத்திரண்டு வயதுக் கிழவருக்கும் மூன்று. முப்பது வயதுப் பெண்ணுக்கும் மூன்று. காற்புள்ளி, முற்றுப்புள்ளி கூட மாறவில்லை.

நெல்டா முதலில் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள், வாஷிங் மெஷினே நின்றுபோனது போலிருந்தது. டாக்டர்கள் இப்போதெல்லாம் எழுதுவதில்லை, தட்டச்சும் செய்வதில்லை. மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் முன்பே எழுதி வைத்த பத்தி மொத்தமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மாற்ற வேண்டியதை மாற்றிக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. பர்செல் என்றைக்கோ, யாரோ ஒருவருக்கு, உண்மையாகவே மூன்று கல்லை எடுத்திருக்கிறார். அன்றைக்குச் சொன்னதைப் பத்திரமாகச் சேமித்தும் வைத்திருக்கிறார். அந்த மூன்று கல்தான் மூன்று மாதமாக வயிறு வயிறாகப் போய்க்கொண்டிருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. சின்னக் கோபமில்லை. இதைப் பார்த்துவிட்டா என்னை வீடியோ பார் என்கிறார்கள்!

ஆனாலும் பட்டியலை முழுக்கப் படித்தாள். நான்காவதில் கை நின்றது. அறிக்கையின் தொடக்கத்தில், மருந்து செலுத்தி எடுத்த முதல் படத்தில், 'சிறு கற்கள் பல தெரிகின்றன' என்று தெளிவாக இருந்தது. பர்செலின் அறிக்கையா, கடைசி வரியை நம்பாதே என்று பழகிப்போய், இவள் தலையையும் படிக்காமல் விட்டிருக்கிறாள். அந்த ஆளுக்கு எண் போட்டிருக்க வேண்டும். "சீ, எருமை" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு தாளில் 'நான்கு: என் தப்பு' என்று எழுதி வைத்தாள்.

பிறகு ஒன்பதாவது. முதல் படத்தில், 'பித்தக்குழாயின் கீழ்முனையில் ஒரே கல், பதினொரு மில்லிமீட்டர்.' முடிவில், நான்கு மில்லிமீட்டரில் மூன்று கல் தள்ளப்பட்டன. நெல்டா இரண்டையும் மாறி மாறிப் படித்தாள். அப்போது இதையும் கேட்டுத்தான் அனுப்பியிருந்தாள். பதில் இல்லை என்றதும் எண்ணைப் போடாமல் மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். அந்தப் பெரிய கல் என்னவாயிற்று என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாள். அதே தாளில் 'ஒன்பது: பெரிய கல் எங்கே?' என்று எழுதினாள்.

மதியம் அவரைப் பயறும் சோள ரொட்டியும் வைத்துவிட்டு ஆர்விலுக்கு எதிரே உட்கார்ந்தாள். நோயாளி பெயரை வீட்டில் பேசக் கூடாது, அவள் பேசவும் மாட்டாள். மூன்று கல்லின் கதையை மட்டும் சொன்னாள்.

ஆர்வில் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரி செய்துகொண்டான். "அழுத்திட்டுப் போடி. எவன் வயித்துல எத்தன கல்லு இருந்தா உனக்கென்ன?"

"அழுத்தட்டுமா? நெசமாச் சொல்றியா?"

அவன் பச்சை வெங்காயத்தைக் கடித்தான். மெதுவாக மென்றான். "சொல்லிப் பாத்தேன். அழுத்தமாட்டேன்னு தெரியாதா எனக்கு? உன் தாத்தன் ரத்தமாச்சே."

அவளுடைய தாத்தாவை நெல்டா பார்த்ததே இல்லை, ஒரு புகைப்படத்தில் தவிர. வெட்டிய கரியின் எடைக்குத்தான் அந்தக் காலத்தில் கூலி, சுரங்க வாயிலில் எடை போடும் இடத்தில் கம்பெனி ஆள் நிற்பான். அவன் குறைத்து எழுதாமல் பார்த்துக்கொள்ளத் தொழிலாளிகள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நிறுத்துவார்கள். அப்படி நின்றவர் அந்தத் தாத்தா. புகைப்படத்தில் அவர் பக்கத்தில் நிற்கிற கம்பெனிக்காரனின் முகம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி இருக்கும்.

"சாப்பிடுய்யா, ஆறிப்போகுது" என்றாள் நெல்டா. அவளுக்குப் பசி வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் பதில் எழுதினாள். அந்தத் திரையில் இரண்டு பட்டன்தான் உண்டு, 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்'. பதினொன்றையும் மொத்தமாக ஏற்கலாம், மொத்தமாக மறுக்கலாம். ஒன்றை ஏற்றுப் பத்தை மறுக்க வழி வைக்கவில்லை. அப்படி ஒரு மனுஷி இருப்பாள் என்று அதைச் செய்தவனுக்குத் தோன்றவில்லை போலும். அவள் 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தி, கீழே இருந்த பெட்டியில் எழுதினாள்:

'நான்காவதில் தவறு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன். மற்ற பத்தில் இல்லை. பதினோரு நோயாளிகள், ஆளுக்கு மூன்று கல், ஒவ்வொன்றும் நான்கு மில்லிமீட்டர், எல்லாருக்கும் ஒரே வாக்கியம். பதினொன்றையும் அடுத்தடுத்து வைத்து ஒருவராவது படித்துப் பாருங்கள். படித்த பிறகும் எண்ணைப் போடச் சொன்னால், உங்கள் பெயரில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என் பெயரில் போட மாட்டேன்.'

கேண்டஸ் ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள். "அக்கா, கடைசி ரெண்டு வரியை எடுத்துடுங்களேன். ப்ளீஸ். இதை நான் டாக்டருக்கும் அனுப்பியாகணும்."

"அனுப்பு. அவருக்குத்தான் எழுதினேன்."

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"தெரியும்மா. நீ நல்ல பொண்ணு. அனுப்பு."

புதன்கிழமை பதினொன்றரைக்கு டாக்டர் பர்செலே லைனில் வந்தார். கேண்டஸும் கூட இருந்தாள். இருபது வருடத்தில் ஒரு டாக்டர் நெல்டாவைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வணக்கம் கூடச் சொல்லவில்லை அவர்.

"அம்மா, நான் இருபத்தாறு வருஷமா இந்த வேலை பாக்கறேன். நான் பொய் எழுதறேன்னு சொல்றீங்களா?"

"நீங்க எழுதியிருந்தாத்தானே டாக்டர் அது பொய்யா நெசமான்னு கேக்க முடியும்? இதை நீங்க எழுதவே இல்லையே. ஒரு வார்த்தை சொன்னீங்க, அதுவா வந்து உக்காந்துக்கிச்சு."

"எல்லாருக்கும் பலூன் விட்டுப் பாத்தேன். அதுக்கு நேரம் ஆகலயா? வேலை செய்யலயா நான்?"

"செஞ்சீங்க, யாரு இல்லன்னா? கல்லு இல்லாட்டி அந்த நம்பர் கிடையாது. அதை நான் எழுதல, விதிப் புத்தகத்துல இருக்கு. பதினோரு தடவை உங்களைக் கேட்டேன். கல் எடுக்கப்பட்டதா, இல்லையா, வேறு ஏதாவதா, சொல்ல இயலவில்லையான்னு நாலு கட்டம் போட்டு அனுப்பினேன். ஒரு டிக் போட நேரமில்ல உங்களுக்கு. புகார் எழுத மட்டும் நேரம் இருந்துச்சு."

"நெல்டாக்கா..." என்றாள் கேண்டஸ்.

"இரும்மா. டாக்டரு வாயில பதிலைத் திணிக்கற மாதிரிக் கேக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு டாக்டர். எதையும் நேராக் கேக்கக் கூடாது. அதனாலதான் நாலு கட்டம். இன்னிக்கு நேராவே கேக்கறேன், தூக்கறதுன்னா தூக்கட்டும். பட்டியல்ல ஒம்பதாவது கோப்பைத் திறங்க. முதல் படத்துல ஒரே கல்லு, பதினொரு மில்லிமீட்டர். கடைசில நாலு மில்லிமீட்டர்ல மூணு கல்லு வெளிய வந்துச்சுன்னு இருக்கு. அப்ப அந்தப் பெரிய கல்லு எங்க?"

அந்தப் பக்கம் மவுஸ் அழுத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார் போலிருந்தது. நெல்டா காத்திருந்தாள். அவளும் ஒன்பதாவது கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை இந்த அம்மாவுக்குக் குழாயை எடுக்கச் சொல்லியிருக்கேன்" என்றார் பர்செல். அது நெல்டாவிடம் சொன்னது மாதிரி இல்லை. "கல்லெல்லாம் வந்துடுச்சுன்னு எழுதியிருக்கேனேன்னு..."

"கல்லு வந்துச்சா டாக்டர்?"

"இல்ல. கடைசிப் படத்துலயும் இருக்கு. உள்ளதான் இருக்கு."

கல் உள்ளே இருக்க, வடிகிற குழாயை உருவிவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். பித்தம் தேங்கும், காய்ச்சல் வரும், விஷம் ரத்தத்தில் ஏறும். பர்செல் நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கேண்டஸ் மட்டும் லைனில் இருந்தாள். "அக்கா, நான் அந்தப் பதினொண்ணையும் படிக்கவே இல்ல" என்றாள்.

"தெரியும்" என்றாள் நெல்டா. "இப்பப் படி."

அன்று மாலை ஐந்து மணிக்குள் பதினோரு அறிக்கைகளும் திருத்தப்பட்டு வந்தன. ஒன்பது பேருக்குக் கல் இல்லை. நான்காவது ஆளுக்கு இருந்தது, எடுத்தாயிற்று. ஒன்பதாவதில், கல் எடுக்கப்படவில்லை. தணிக்கையில் பத்துத் தவறு அழிந்து ஒன்று நின்றது. கேண்டஸ் ஆள் வைத்துத் தனிப் பட்டன் ஒன்றை உண்டாக்கித் தந்தாள். நெல்டா நான்காவதற்கு 'ஏற்கிறேன்' அழுத்திவிட்டு, அந்த அரைமணி நேர வீடியோவையும் முழுசாகப் பார்த்தாள். மட்டமான வீடியோ என்று கேண்டஸுக்கு எழுதவும் செய்தாள்.

அதோடு விட்டார்களா? வியாழக்கிழமையே புது உத்தரவு வந்தது. இனிமேல் டாக்டர்களுக்குப் போகிற கேள்வி எல்லாம் மேலாளர் வழியாகத்தான் போக வேண்டும், ஒருவர் வாரத்தில் ஐந்துக்கு மேல் அனுப்பக் கூடாது. யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்று மொத்த அலுவலகத்துக்கும் தெரியும். நெல்டா அதைப் படித்துவிட்டு மத்தியானத்துக்குள் ஆறு கேள்வி அனுப்பினாள், ஆறும் கேண்டஸ் வழியாக. கேண்டஸ் ஆறையும் அப்படியே மேலே தள்ளிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பர்செலின் கோப்பு ஒன்று நெல்டாவின் வரிசையில் வந்தது. பட்டியலில் ஒன்பதாவதாக இருந்த பெண்தான். மேலிருந்து படித்தாள். முதல் படத்தில் ஒரே கல், பதினொரு மில்லிமீட்டர். பிறகு வந்த வாக்கியங்களை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. வார்த்தைகள் தடுமாறின, ஓரிடத்தில் எழுத்துப் பிழைகூட இருந்தது. மனிதர் உட்கார்ந்து கையால் தட்டியிருக்கிறார். உள்ளேயே கல்லை உடைத்து, கூடையால் துண்டு துண்டாக எடுத்து, மறுபடி படம் எடுத்துப் பார்த்து, பித்தக்குழாய் சுத்தம் என்று உறுதி செய்திருந்தார். கடைசி வரியில், 'கல் எண்ணப்பட்டது: ஒன்று.'

கேண்டஸின் செய்தி திரை ஓரத்தில் எட்டிப் பார்த்தது. "பர்செல் கோப்பு வந்திருக்குக்கா. கேள்வி ஏதும் அனுப்பணுமா?"

"வேண்டாம். கல்லு இருக்கு" என்று எழுதினாள் நெல்டா.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாக, நாலு, ஏழு, ஐந்து, நாலு, நாலு என்று அடித்தாள். கீழே தன் பெயரைப் போட்டாள்.